பாடகர் சந்திரபாபு

தாராபுரத்திலிருந்து கரூர் போகும் சாலையில் இருக்கிறது மூலனூர். முருங்கையும் பருத்தியும் விளைகிற காய்ந்த பூமி. இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் பருத்தி ஏலத்துக்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். இந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழு வந்துவிட்டால், ராத்திரிப் பந்தி நடக்கும் நேரத்தில் பழைய பாட்டுகளுக்கென்று ஒரு சுற்று ஒதுக்குவார்கள். அந்தச் சுற்றில் பெரும்பாலும் 'குங்குமப்பூவே' வந்துவிடும். ஆண் குரல் முதல் சொல்லை எடுத்ததுமே, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் தலை தானாக ஆடும். பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்வரும் இளவட்டங்கள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுப்பார்கள். அவர்களுடைய தாத்தா காலத்துப் பாட்டு அது. ஆனாலும் கால் சும்மா இருப்பதில்லை.

அந்தப் பாட்டு இடம்பெற்ற 'மரகதம்' 1959-இல் வெளிவந்தது. எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கம், சிவாஜி கணேசனும் பத்மினியும் ஜோடி, இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. படத்தை எடுத்தது கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ. ஆக, கொங்கு மண்ணில் உருவான படத்தின் பாட்டுத்தான் கொங்குக் கல்யாணங்களில் இன்றும் ஒலிக்கிறது. கே. ஜமுனாராணியோடு சேர்ந்து அதைப் பாடியவர் ஜே.பி. சந்திரபாபு.

யார் பாடியது என்று கேட்டால், "காமெடி நடிகர் சந்திரபாபு, அவரே பாடி நடிச்சாருங்க" என்பார்கள். சொல்வது சரிதான். ஆனால் அந்த வரிசையில் ஒரு குறை இருக்கிறது. காமெடி நடிகர் என்பது முன்னால் வந்துவிடுகிறது, பாட்டு ஏதோ கூடுதல் தகுதிபோலப் பின்னால் வருகிறது. சந்திரபாபு விஷயத்தில் இது தலைகீழாக இருக்க வேண்டும். மேல்நாட்டுத் தாளத்தையும் குரல் வித்தையையும் தமிழ்ச் சொல்லோடு இவ்வளவு இயல்பாகப் பொருத்தியவர் அவர் காலத்துத் திரையுலகில் வேறொருவர் இல்லை.

தூத்துக்குடியில் 1927-இல் ஒரு கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வீட்டில் வைத்த பெயர் ஜோசப் பிச்சை. குழந்தைப் பருவத்தில் கடுமையான காய்ச்சலில் கிடந்து பிழைத்ததால், கடவுள் போட்ட பிச்சை என்று அந்தப் பெயர். அப்பா ரொட்ரிகஸ் விடுதலைப் போராட்டக்காரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தினார். ஆங்கிலேய அரசு பத்திரிகையைப் பறிமுதல் செய்தது, அவரைச் சிறையில் அடைத்தது. அவர் சிறையிலிருந்து வெளிவந்த பிறகு குடும்பம் கொழும்புக்குப் போக வேண்டியதாயிற்று. சிறுவன் பிச்சை அங்கேதான் வளர்ந்தான், அங்கேதான் படித்தான்.

இந்தக் கொழும்பு வாசத்தை அவர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அது சரியில்லை. அன்றைய கொழும்பு பெரிய துறைமுக நகரம். மாதா கோயிலில் கூட்டுப் பாட்டு, கப்பலில் வந்து இறங்கும் ஆங்கில இசைத்தட்டு, போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வேரோடிய பைலா ஆட்டப்பாட்டு என்று எல்லாம் அடுத்தடுத்த தெருவில் கேட்கிற ஊர். பிற்காலத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் ஈழத்துத் தமிழ் பாப் பாட்டால் இரண்டு கரையையும் ஆடவைத்ததும் அந்த மண்ணிலிருந்துதான். கர்நாடக சங்கீதத்தை மட்டுமே கேட்டு வளர்ந்த காதுக்கு மேல்நாட்டுத் தாளம் வெளியிலிருந்து வந்த சரக்காகப் படலாம். கொழும்பில் வளர்ந்த பையனுக்கு அது பக்கத்து வீட்டுச் சத்தம்.

1943-இல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. ஜோசப் பிச்சை, சந்திரபாபு ஆனார். மணிக்கொடி எழுத்தாளர் பி.எஸ். ராமையா இயக்கிய 'தன அமராவதி' (1947) படத்தில் தலை காட்டினார். அதன்பின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை.

வாய்ப்புத் தேடிய அந்த நாட்களைப் பற்றி ஒரு கதை திரையுலகில் வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. ஜூபிடர் நிறுவனத்தில் சுப்பையா நாயுடுவிடம் உதவியாளராக இருந்த எம்.எஸ். விஸ்வநாதனிடம் சந்திரபாபு பாடிக் காட்டினாராம். இந்த ஆளுக்குப் பாட்டு வராது என்று விஸ்வநாதன் சொல்லிவிட்டாராம். பிற்பாடு இருவரும் பிரிக்கமுடியாத நண்பர்கள் ஆனார்கள். சந்திரபாபுவின் புகழ்பெற்ற பாட்டுகளில் கணிசமானவை விஸ்வநாதன் - ராமமூர்த்தி மெட்டில் வந்தவை. அன்று குரல் பார்க்கச் சொன்னதாகச் சொல்லப்படும் சுப்பையா நாயுடுதான் 'குங்குமப்பூவே'க்கும் இசையமைத்தார்.

1952-இல் விரக்தி எல்லை மீறியது. ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனைப் பார்க்க முடியாமல், ஜெமினி ஸ்டூடியோவிலேயே உயிரை விடத் துணிந்தார். அங்கிருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். தற்கொலை முயற்சி அன்று குற்றம் என்பதால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நடந்ததாகச் சொல்லப்படுவது இது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்ட நீதிபதி முன்னால், ஒரு தீக்குச்சியை உரசித் தன் கையைச் சுட்டுக்கொண்டார் சந்திரபாபு. நான் சுட்டுக்கொண்டதை நீங்கள் பார்க்கலாம், சூட்டை உணர முடியாது, என் கஷ்டமும் அப்படித்தான் என்ற பொருளில் பதில் சொன்னார். நீதிபதி விட்டுவிட்டார். அதே ஆண்டு வாசனின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது.

இந்தத் தீக்குச்சிச் சம்பவத்தை எழுதாத சினிமாப் பத்திரிகை இல்லை. அதற்கு அடுத்த பத்தாண்டுகளில் அவர் குரலால் செய்ததை எழுதியவர்கள் குறைவு.

1954-இல் ஏவி.எம். எடுத்த 'பெண்' படத்தில் வீணை வித்வான் எஸ். பாலச்சந்தர் நடித்தார். அவருக்காகக் கல்யாணத்தைப் பற்றிய துள்ளலான பாட்டு ஒன்றைப் பின்னணியில் பாடியது சந்திரபாபு. சங்கீதத்தில் கரைகண்ட ஒருவரின் வாயசைப்புக்குப் பொருந்துகிற குரல் என்று அவரை அன்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நகைச்சுவை நடிகர் தனக்குத்தானே பாடிக்கொண்டார் என்ற கணக்கில் இது வராது. முழுப் பின்னணிப் பாடகர் செய்யும் வேலை.

அடுத்து 1957. 'மணமகன் தேவை'யில் ஜி. ராமநாதன் இசையில் 'பம்பரக் கண்ணாலே', 'புதையல்' படத்தில் 'உனக்காக'. 1958-இல் வந்த 'பதிபக்தி'யில் நடந்தது இன்னும் சுவையானது. கர்நாடக இசையில் ஊறிய வி.என். சுந்தரத்தோடு சேர்ந்து ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்றைப் பாடினார். எல்விஸ் பிரஸ்லி அமெரிக்காவில் புகழ் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பட்டிதொட்டியில் கூடாரக் கொட்டகை மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் அந்தத் தாளத்தைத் தமிழில் கேட்டார்கள்.

அவர் குரலில் ஒரு தனி வித்தை உண்டு. யோடலிங் என்பார்கள். நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரலை ஒரே நொடியில் உச்சிக்குத் தூக்கி, மறுநொடி கீழே இறக்குவது. இடையில் சறுக்கல் இருக்கக்கூடாது. குரல் உடைகிற அந்தப் புள்ளி பளிச்சென்று காதில் விழ வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குக் குரல் கொடுத்துக் கூப்பிட்டதிலிருந்து வந்தது இது. அமெரிக்கக் குதிரைக்காரப் பாடகர்கள் அதைப் பாட்டில் சேர்த்தார்கள். இந்தியில் கிஷோர் குமார் அதைத் தன் முத்திரை ஆக்கினார், தமிழில் சந்திரபாபு. நம் சங்கீதத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதுதான் அழகு. இதில் தாவ வேண்டும். குரலின் பழக்கத்தையே மாற்றினால்தான் வரும். அதற்கு மேலே, சொல் புரிய வேண்டும், சிரிப்பும் வர வேண்டும், அதே நேரம் உடம்பு ஆட வேண்டும். அவர் மூன்றையும் ஒன்றாகச் செய்தார்.

சிரிப்பை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் 'கவலை இல்லாத மனிதன்' படத்தின் 'பிறக்கும்போதும்' பாட்டைக் கேட்க வேண்டும். கண்ணதாசன் வரிகள், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. யோடலிங் இல்லை, துள்ளல் இல்லை. குரலைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் மூச்சு விட்டு, அலங்காரமே இல்லாமல் பாடியிருக்கிறார். பெரிய பாடகர் யாராவது பாடியிருந்தால் அதில் சோகத்தைக் கூட்டியிருப்பார்கள். சந்திரபாபு கூட்டவில்லை, அதனாலேயே அது உறைக்கிறது. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் இந்தப் பாட்டைப் பாடி, அவர் ரசித்ததைப் பார்த்த பூரிப்பில் அவர் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார் சந்திரபாபு என்று ஒரு சம்பவம் உண்டு. பலர் எழுதியும் பேசியும் நிலைத்துவிட்டது. அவர் சுபாவம் தெரிந்தவர்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்காது.

நடிப்பிலும் அந்த ஆண்டுகளில் அவர் உச்சத்தில் இருந்தார். எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' (1958), அதே ஆண்டு பி.ஆர். பந்துலுவின் 'சபாஷ் மீனா'. 'சபாஷ் மீனா'வில் சிவாஜிக்கு ஒரு வேடம், சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். அதில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். கொழும்பில் வளர்ந்தவர் மெட்ராஸ் பாஷையை அந்த ஊர்க்காரர்களே கைதட்டும்படி பேசினார். பாஷையைக் காதால் பிடித்து நாக்கில் கொண்டுவருகிற திறமை அது. பாட்டுக்காரன் காது இருந்தால்தான் நடக்கும். 1959-இல் ஏவி.எம்மின் 'சகோதரி' எடுத்து முடித்தபிறகு சப்பென்று இருப்பதாகப் பட்டபோது, சந்திரபாபுவைப் பால்காரராக்கி நகைச்சுவைப் பகுதியைத் தனியாகப் படமாக்கிச் சேர்த்தார்கள். படம் தப்பித்தது. தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொள்ளும் அந்தப் படத்துப் பாட்டை இன்றைக்கும் முணுமுணுக்காத ஊர் இல்லை.

மேடையில் ஆடம்பரம், சிரிக்கவைக்கிற சேட்டை, அதற்குள்ளே நல்ல இசை. இந்தச் சேர்க்கை உள்ள பாடகர்களுக்கு உலகம் முழுக்க ஒரே கதிதான் வாய்த்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். ஸ்கா என்று ஓர் இசை உண்டு. 1950-களின் கடைசியில் ஜமைக்காத் தீவில் பிறந்தது. தாளத்தில் நாம் கைதட்டும் இடத்தில் கிதார் அடிக்காது. இரண்டு தட்டுக்கு நடுவே உள்ள இடத்தில் வெட்டி வெட்டி அடிக்கும். கேட்பவர் உடம்பு தானாகக் குதிக்கும். ஜமைக்காவிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1979-இல் கவென்ட்ரி நகரத்தில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ டோன் இசைத்தட்டு நிறுவனத்தால் அந்த இசை மறுபடி எழுந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று வாசித்த குழுக்கள் அவை.

அதே அலையில் வட லண்டனிலிருந்து வந்த குழு பேட் மேனர்ஸ். அதன் பாடகர் டக்ளஸ் ட்ரெண்டில் 1958-இல் பிறந்தவர். மேடைப் பெயர் பஸ்டர் பிளட்வெசல். மொட்டைத் தலை, பெருத்த உடம்பு, எல்லோர் முன்னாலும் நீட்டிக் காட்டுகிற நீளமான நாக்கு. 1980-இலும் 1981-இலும் அவர்கள் பாட்டுகள் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை போயின. பிற்பாடு மார்கேட் என்ற கடற்கரை ஊரில் பருத்த உடம்புக்காரர்களுக்கென்றே ஒரு ஓட்டல் நடத்தினார். அவர் பெயரைச் சொன்னால் ஆங்கிலேயர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நாக்குத்தான். ஒரு பெரிய வாத்தியக் குழுவை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாளம் பிசகாமல் ஆடவைத்த பாடகர் என்பது அப்புறம்தான். சிரிக்கவைக்கிறவரை ரசிகர்கள் மனதார விரும்புகிறார்கள். அவர் பாட்டை மட்டும் பாட்டாக எடைபோட மறந்துவிடுகிறார்கள். மொழியும் காலமும் மாறினாலும் சந்திரபாபுவுக்கு நடந்தது இதுவே.

சந்திரபாபுவின் ஆடம்பரமும் சாமானியமானதல்ல. ஆங்கிலேயர் பாணிக் கோட்டும் தொப்பியும் பேச்சுமாக வலம் வந்தவர். பெரிய நட்சத்திரங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். சென்னை கேசவப்பெருமாள்புரத்தில், காரை ஓட்டிக்கொண்டு நேராக மாடிக்கே ஏறும்படி ஒரு வீட்டைக் கட்ட ஆரம்பித்தார். அந்த வீடு அவரிடம் தங்கவில்லை.

இறங்குமுகம் படிப்படியாக வந்தது. 1958-இல் நடந்த திருமணம் விரைவிலேயே முடிந்துபோனது. அவரைக் கதாநாயகனாக்கிக் கண்ணதாசன் எடுத்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) தோற்றது. சொன்ன நேரத்துக்கு நாயகன் படப்பிடிப்புக்கு வராததும் அதற்கு ஒரு காரணம். கண்ணதாசனுக்குக் கடன் சுமை ஏறியது. 'குமார ராஜா' (1961) படமும் கைகொடுக்கவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கினார். பாதியில் நின்றது, போட்ட பணம் போனது. 1964-இல் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது நகைச்சுவையில் நாகேஷ் காலம் தொடங்கிவிட்டது. 1966-இல் சந்திரபாபுவே இயக்கி நடித்த 'தட்டுங்கள் திறக்கப்படும்', வேதாகமச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட படம். அதுவும் ஓடவில்லை. குடி அவரை விழுங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சரிவுக் காலத்திலும் குரல் கெடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'அன்னை' (1962) படத்தில் புத்தியையும் வெற்றியையும் எதிரெதிரே நிறுத்திய பாட்டு, 'ஆண்டவன் கட்டளை' (1964) படத்தில் உலகத்தைப் பார்த்துச் சிரிக்கும் பாட்டு இரண்டும் அவர் கையில் காசு கரைந்துகொண்டிருந்தபோது பாடியவை. முன்னதில் கேலியும் ஆறுதலும் ஒரே மூச்சில் வரும். பின்னதில் அவர் சிரிக்கிற சிரிப்பையே தாளத்தோடு பாடியிருக்கிறார். சிரிப்பைச் சுரத்தில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

1974 மார்ச் 8-ஆம் தேதி சந்திரபாபு இறந்தார். வயது 46. சென்னை சாந்தோம் பக்கத்தில் உள்ள கிபிள் தீவுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் எழுத்தாளர் முகில் அவர் வாழ்க்கை வரலாற்றை 'கண்ணீரும் புன்னகையும்' என்ற நூலாக எழுதினார்.

அவர் வாழ்க்கையைத் தமிழ்நாடு இன்று நினைப்பது பெரும்பாலும் ஒரு எச்சரிக்கைக் கதையாகத்தான். பணத்தைக் கண்டபடி விட்டார், பேச்சால் கெட்டார், குடியால் அழிந்தார் என்று பட்டியல் போட்டுவிடுகிறோம். எல்லாம் நடந்தவைதான். ஆனால் ஒரு கலைஞனைப் பற்றிய கணக்கு அவன் பேங்க் பாஸ்புத்தகத்தோடு முடிவதில்லை. மேல்நாட்டு மெட்டைத் தமிழில் பாடினால் தமிழ் கெடும் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சொல்லும் சிதையாமல் அந்த மெட்டில் தமிழைப் பாடிக் காட்டினார் சந்திரபாபு. அவருக்குப் பிறகு மெல்லிசையில் துள்ளல் பாட்டுப் பாடிய ஒவ்வொருவரும் அவர் போட்ட தடத்தில்தான் நடந்தார்கள்.

2027-ஆம் ஆண்டு அவருடைய நூற்றாண்டு. சிலை வைக்கலாம், தபால்தலை வெளியிடலாம், அதெல்லாம் அரசு பார்த்துக்கொள்ளட்டும். பாட்டு சம்பந்தமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவர் பாடியவை எல்லாவற்றையும், தானே நடித்துப் பாடியவை, பிறருக்குப் பின்னணி பாடியவை இரண்டையும் சேர்த்து, படம், ஆண்டு, எழுதியவர், இசையமைத்தவர், கூடப் பாடியவர் என்ற விவரத்தோடு ஒரே தொகுப்பாக வெளியிட வேண்டும். இன்று இணையத்தில் கிடைப்பவற்றில் பல 'காமெடி சாங்ஸ்' என்ற தலைப்பில்தான் கிடக்கின்றன.

மூலனூர்ப் பக்கம் மேடை ஏறும் மெல்லிசைக் குழுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முகூர்த்தத்தில் 'குங்குமப்பூவே' எடுக்கும்போது, "பட்சிராஜா ஸ்டூடியோவின் மரகதம், சுப்பையா நாயுடு இசை, பாடியவர்கள் ஜே.பி. சந்திரபாபு, ஜமுனாராணி" என்று மைக்கில் ஒருமுறை சொல்லிவிட்டுப் பாடுங்கள்.